சாய்ந்த வெட்டு

கலாதேவிக்குக் கத்தி புதிதில்லை. பதினாறு வயதில் கையில் எடுத்த பால்வெட்டுக் கத்தியை முப்பத்தொன்றில்தான் கீழே வைத்தாள். அதுவும் அவளாக வைக்கவில்லை. கோப்பெங் பக்கம் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தையே விற்றுவிட்டார்கள். பிறகு மெங்லெம்புவில் ஒரு சோபா பட்டறையில் சேர்ந்தாள். இருபது வருடத்துக்கு மேலாக அங்கே தோலும் துணியும் வெட்டுகிறாள். ஐம்பத்தைந்து வயதில், வெட்டுவதைப் பற்றித் தனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்ற தெனாவட்டு அவளிடம் கொஞ்சம் உண்டு. நியாயமான தெனாவட்டுதான். அப்படிப்பட்டவளை, ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், விரல் நீளமே இருந்த ஒரு கத்தி திணறடித்துவிட்டது.

அவள் அங்கே போனது புருஷனுக்காக.

பிச்சைமுத்து அதே தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். ஆட்களை மேய்ப்பதோடு, அவர்கள் வெட்டிய மரங்களைப் பார்ப்பதும் அவர் வேலை. கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் புண்ணாகிவிடும். அப்புறம் அங்கே பட்டை சரியாக வளராது. அவர் கண்ணால் பார்த்ததோடு விடமாட்டார். வெட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார். கலாதேவியின் மரங்களில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "புண்ணு இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். ஒரு வருடம் முழுக்க அவர் அவளிடம் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான். புண் இல்லாத மரத்தையே ஒரு மனிதன் தினமும் வந்து பார்த்தால் என்ன அர்த்தம் என்று கூட இருந்த பெண்களுக்குத்தான் முதலில் புரிந்தது. கல்யாணம் அப்படித்தான் நடந்தது.

இப்போது அவருக்கு அறுபத்திரண்டு. இனிப்பு நீர் வியாதி வலக்கண்ணை முழுக்கக் கொண்டுபோய்விட்டது. இடக்கண்ணில் வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். அவர்கள் இருப்பது அடுக்குமாடியில் நான்காவது மாடி. நீளமான நடைபாதையில் பன்னிரண்டு வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரி இரும்புக் கிரில். அவர்கள் வீடு ஏழாவது. அவர் கைத்தடியோடு எண்ணிக்கொண்டே போவார், எண்ணிக்கொண்டே வருவார். தினமும் காலையில் கீழே உள்ள ஒட்டுக்கடையில் சீனி போடாத கறுப்புக் கோப்பி, கூட்டாளிகளோடு பந்து விளையாட்டைப் பற்றி ஒரு சண்டை, பிறகு வீடு. அதுதான் அவருடைய நாள்.

இரண்டு மாதத்துக்கு முன் யாரோ நடைபாதையில் செருப்பு, சப்பாத்து வைக்கும் அலமாரி ஒன்றை வைத்துவிட்டார்கள். அதைச் சுற்றி வந்ததில் எண்ணிக்கை தப்பிவிட்டது. ஆறாவது வீட்டுப் பூட்டில் சாவியை விட்டுத் திருகினார். அங்கே புதிதாகக் குடிவந்திருந்த புஷ்பலதா கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். திருடன் என்று அவள் போட்ட கூச்சலில் மாடியே வெளியே வந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் பாவம், அந்தப் பெண் அழுதேவிட்டாள். மறுநாள் மன்னிப்புக் கேட்க ஒரு பாத்திரம் நிறைய சேமியா பாயசம் கொண்டுவந்தாள். இனிப்பு நீர்க்காரருக்குப் பாயசம். அவளுக்கு எப்படித் தெரியும்? "பரவால்லம்மா" என்று பிச்சைமுத்து சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

ஆனால் அன்றோடு அவர் கீழே போவதை நிறுத்திவிட்டார். கேட்டால் முட்டி வலி என்றார். கூட்டாளிகள் மேலே வந்து கூப்பிட்டார்கள். அவர்களுக்கும் முட்டி வலியைக் காட்டினார். காலையில் சட்டை போடுவதையே விட்டுவிட்டார். ஒரு காலத்தில் காடு முழுக்க நடந்த மனிதர் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் பொழுதைக் கழிப்பதைப் பார்க்கக் கலாதேவிக்குப் பொறுக்கவில்லை.

கிரில்லில் ஒரு மணியைக் கட்டிப் பார்த்தாள். கழற்றச் சொல்லிவிட்டார். சிவப்பு நாடாவைச் சுற்றினாள்.

"குருடன் வீடுன்னு போர்டு மாட்டப் போறியா?" என்றார். அவர் அவளிடம் கோபமாகப் பேசுவது அபூர்வம். அவள் நாடாவையும் அவிழ்த்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்குத் தோல் ஞாபகம் வந்தது. கிரில்லின் கைப்பிடிக்குத் தோலில் ஓர் உறை. அதில் ஒரு பூ செதுக்கிவிட்டால் பார்க்கிறவர்களுக்கு அலங்காரம், அவருடைய விரலுக்கு அடையாளம். பட்டறைத் துண்டில் முயன்று பார்த்தாள். சோபாத் தோல் மெத்தென்று இருந்தது. கத்தியை எடுத்த உடனே கோடு மூடிக்கொண்டது. பட்டறைக் கத்தியோ நேராக ஓடுமே தவிர வளைய மறுத்தது. விசாரித்ததில் சந்தையில் தோல் பை விற்கும் மார்கஸைப் பற்றிச் சொன்னார்கள்.

மார்கஸுக்கு முப்பது வயதிருக்கும். பொறுமைசாலி. "சோபாத் தோலுல பூ நிக்காதுக்கா. மரப்பட்டைச் சாத்துல ஊற வச்ச தோலு வேணும். லேசா தண்ணி தொட்டுட்டு வெட்டணும்" என்று சொல்லி, கெட்டியான ஒரு துண்டை ஈரப்படுத்தி அவள் முன்னால் வைத்தான். பிறகு ஒரு தட்டில் மூன்று கத்திகளைக் கொண்டுவந்தான்.

"இதான் ஸ்விவல் கத்தி. மேல இந்த வளைவு இருக்குல்ல, அதுல ஆட்காட்டி விரல வைங்க. அழுத்தறது அந்த விரலு. கட்டவிரலும் நடுவிரலும் தண்டத் திருப்பும். கோடு எங்க வளையுதோ, அங்க தண்டும் சுத்தணும். உங்க பக்கமா இழுங்க."

இழுப்பது என்றதும் அவளுக்குத் தெம்பு வந்தது. பால்வெட்டுக் கத்தியும் இழுக்கிற கத்திதான்.

முதல் கத்தி எஃகு. தண்டு அவள் கட்டைவிரல் பருமன், நல்ல கனம், அலகும் அகலம். அவளுடைய சின்னக் கைக்கு அது அதிகமாக இருந்தது. இரண்டாவது மெல்லியது, பென்சில் மாதிரி லேசாக, விரலிடுக்கில் வந்து தானாக உட்கார்ந்துகொண்டது. மூன்றாவதில் அலகு கோணலாகத் தீட்டியிருந்தது. "அது ரொம்பப் பொடி வேலைக்கு. இப்ப வேணாம்" என்று மார்கஸே அதை ஒதுக்கி வைத்தான்.

அவள் மெல்லிய கத்தியால் நான்கு கோடு இழுத்தாள். மார்கஸ் துண்டை வளைத்து, வெட்டுக்குள் உற்றுப் பார்த்தான்.

"பாதி ஆழம். எல்லாத்துலயும் சரியா பாதி. இந்த ஆழம் கைக்கு வர எனக்கு ஆறு மாசம் ஆச்சுக்கா. எங்க கத்துக்கிட்டீங்க?"

"தோட்டத்துலதான். கத்தி மரத்தத் தொட்டா புண்ணு. மண்டோர் ஏசுவாரு."

"உங்கள நெறைய ஏசியிருக்காரா?"

"இல்ல. கட்டிக்கிட்டாரு."

மார்கஸ் சிரித்தான். பிறகு அவன் முகம் லேசாக மாறியது. "ஆனா ஒரு சுசா, ஒரு சிக்கல் இருக்குக்கா. கோடு எல்லாம் சாஞ்சு போகுது பாருங்க. கத்தி நேரா நிக்கணும். சாஞ்சா ஒரு பக்கத்து ஒதடு காஞ்சதும் தூக்கிக்கும். பூ அசிங்கமா போயிரும்."

அவள் மறுபடி இழுத்தாள், மறுபடி சாய்ந்தது. நேராகத்தான் பிடித்திருக்கிறோம் என்று அவள் சத்தியம் செய்வாள், கை கேட்டால்தானே. மரத்தில் பால் கோட்டை விட்டு வெளியே வழியாமல் இருக்கக் கத்தியை உள்பக்கம் கொஞ்சம் சாய்த்துத்தான் வெட்டவேண்டும். பதினைந்து வருடம், ஒரு நாளைக்கு முந்நூறு மரத்துக்கு மேல் அப்படிச் சாய்த்த கை அது. தோட்டம் போய்விட்டது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

"மெல்லிசுக் கத்தியில உங்க கை அது இஷ்டத்துக்குப் போகுது. அந்தக் கனமானத எடுங்க. அகல அலகு, தானா நேரா நிக்கும்" என்றான் மார்கஸ். "பிடிக்கலன்னா கொண்டு வாங்க, மாத்திக்கலாம்."

மெல்லிய கத்தியை இன்னொரு தரம் விரலில் வைத்துப் பார்த்தாள். மனசு அதிலேயே இருந்தது. ஆனால் இது ஆசைக்கு வாங்குகிற சாமானா? கைக்குப் பிடித்ததை வைத்துவிட்டு, கையைத் திருத்துவதை வாங்கிக்கொண்டாள். கிறுக்கிப் பார்த்த துண்டையும் மார்கஸ் சும்மாவே கொடுத்துவிட்டான்.

இரண்டு வாரம் அவள் தன் கையோடு மல்லுக்கட்டினாள். வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் தோலை விரித்து உட்கார்ந்துவிடுவாள். பட்டறை வேலை என்று பிச்சைமுத்துவிடம் சொல்லி வைத்திருந்தாள். கனத்த கத்தி சாய மறுத்தது, கை நிமிர மறுத்தது. முடிவில் கை தோற்றது. ஐந்து இதழோடு ஒரு செம்பருத்தி, கோடு ஒவ்வொன்றும் நூல் பிடித்தது போல நேராக விழுந்திருந்தது. அவளுக்கே பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலை அதை அவர் கையில் கொடுத்தாள்.

"தொட்டுப் பாருங்க. என்ன பூ சொல்லுங்க."

அவர் விரல் தோலின் மேல் போனது, வந்தது, மறுபடி போனது. சுத்தமான கோடுகள் காய்ந்து வழவழவென்று மூடியிருந்தன. இனிப்பு நீர் கண்ணோடு நிற்கவில்லை, விரல் நுனியையும் மரத்துப்போக வைத்திருந்தது. அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவதே அவள்தான். பூ செதுக்கும் அவசரத்தில் அதை மறந்துவிட்டாள்.

"ரொம்ப அழகா இருக்கு கலா" என்றார் அவர். "மல்லியா?"

அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நன்றாக அழுதாள். அவருக்குக் கண் போனபோதுகூட அவள் அப்படி அழவில்லை. அவர் தன்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகப் பொய் சொல்ல வேண்டி வந்துவிட்டதே என்பதுதான் தாங்கவில்லை.

முகம் கழுவி வந்து அவருக்குக் கோப்பி கலக்கினாள். மேசையில் கறை படக்கூடாதென்று, சந்தையிலிருந்து வந்த அந்தக் கிறுக்கல் துண்டைத்தான் சில நாளாகக் குவளைக்கு அடியில் போட்டுக்கொண்டிருந்தாள். காய்ந்துபோய், மார்கஸ் சொன்னபடியே கோடுகளின் ஒரு பக்கத்து உதடு தூக்கிக்கொண்டு நின்றது. பிச்சைமுத்து குவளையைத் தேடிக் கையை நீட்டினார். கட்டைவிரல் துண்டின் மேல் பட்டது. குவளையை விட்டுவிட்டு, விரலைக் கோட்டின் மேல் மெதுவாக ஓட்டினார். அந்த விரல் அப்படி ஓடுவதை அவள் பார்த்து இருபத்தைந்து வருடம் ஆகியிருக்கும்.

"இது என்ன, உன் வெட்டு மாதிரி இருக்கு?"

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "எப்படிங்க தெரியும்?"

"மரம் மரமா தடவிப் பாத்தவன்லா. எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அவர் கோப்பியை எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு சந்தை திறக்கும்போதே கலாதேவி மார்கஸின் கடை முன்னால் நின்றாள். கனத்த கத்தியைத் துடைத்து, துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தாள்.

"தம்பி, இத வச்சிக்க. அந்த மெல்லிசு குடு."

"அக்கா, அதுல கை சாயுமே?"

"சாயட்டும்லா."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கத்தியை எடுத்துக் கொடுத்து, விரல் வளைவின் உயரத்தை அவள் ஆட்காட்டி விரலுக்கு அளவாக இறக்கித் திருகி முடுக்கினான்.

இந்தத் தடவை பூ கிடையாது. தோலில் மேல் இடமிருந்து கீழ் வலமாகக் கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக, மரத்தில் விழுவது போலவே. கையை அவள் தடுக்கவில்லை. அது தன் பாட்டுக்குச் சாய்ந்து, பாதி ஆழத்தில் ஓடி, முனையில் லேசாக எழும்பி வந்தது. இரண்டு வாரம் இழுத்த வேலை ஒரு மதியத்தில் முடிந்துவிட்டது. காய்ந்து உதடுகள் தூக்கியதும் கைப்பிடியைச் சுற்றித் தோலை வைத்து, உள்பக்கமாகத் தைத்தாள்.

"கைப்பிடி துருப்பிடிக்குதுங்க. அதான் தோலு சுத்துனேன்" என்றாள் அவரிடம்.

"ம்" என்றார் அவர். எழுந்து போய்த் தொட்டுப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கச் சொல்லவில்லை. அன்றும் மறுநாளும் அவர் கிரில் பக்கமே போகவில்லை. இதுவும் போச்சு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் அவர் சட்டை எங்கே என்று கேட்டார். அவள் பொத்தான் போட்டுவிட்டாள். கூட வரட்டுமா என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். கைத்தடிச் சத்தம் படி இறங்கிப் போனது. பருப்பை அடுப்பில் வைத்தாள், இறக்கினாள், அதில் உப்புப் போட்டோமா என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து நடைபாதையில் அந்தச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றாள்.

தடி தட்டிக்கொண்டே வந்தது. பக்கத்தில், புஷ்பலதாவின் வீட்டு முன்னால் நின்றது. உள்ளே குழந்தை சிணுங்கியது. கலாதேவி கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள். திறந்து கூப்பிட்டுவிட்டால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். அப்புறம் அவர் என்றைக்கும் தனியாகப் போகமாட்டார். கையை எடுத்துக்கொண்டாள். தடி இன்னும் நாலு தட்டு தட்டிவிட்டு நின்றது. அவர்கள் வீட்டுக் கிரில் லேசாக அசைந்தது.

சாவிச் சத்தம் வரவில்லை. தோலின் மேல் ஏதோ சரசரவென்று மெல்ல நகர்ந்தது. மேலிருந்து கீழே ஒரு தரம், பிறகு அடுத்த கோட்டில் ஒரு தரம். அவர் அவசரப்படவில்லை.

"கலா" என்றார் வெளியிலிருந்து. "கதவுக்குப் பின்னாலதான் நிக்கிறன்னு தெரியும்."

அவள் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"புண்ணு இல்ல" என்றார் பிச்சைமுத்து, பழைய மண்டோர் குரலில். பிறகு சாவியை விட்டு, முதல் திருகிலேயே பூட்டைத் திறந்தார்.