கழுத்து வரைக்கும் பெட்ரோல்

ஆறு மாதமாக என் காருக்குள் அவ்வப்போது பெட்ரோல் வாடை அடித்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். பவானியில் கட்டிக்கொடுத்த மகள் கர்ப்பமான பிறகுதான் அது பெரிய விஷயமானது. ஒருநாள் அவளை டாக்டரிடம் கூட்டிப்போக வண்டியை எடுத்தேன். ஏறி உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் இறங்கி, ரோட்டோரம் வாந்தி எடுத்தாள்.

"அப்பா, வளைகாப்பு முடிஞ்சு இந்தக் கார்லதான் கூட்டிட்டுப் போவீங்கன்னா, நான் பஸ்லயே வாரேன்" என்றாள்.

சம்பந்தியம்மா மரியாதைக்குக் குறை வைக்காதவர். "நாங்களே வாடகைக் காரு புடிச்சு அனுப்பிவைக்கறமுங்க. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றார். நான் சிரித்துத் தலையாட்டினேன். உள்ளுக்குள் ஒப்பவில்லை. முதல் பிரசவத்துக்குப் பெண்ணைப் பெற்றவன் கூட்டி வருவதுதான் முறை. சொந்தக் காரை வாசலில் நிறுத்திவிட்டு அவளை வாடகைக் காரில் ஏற்றுவதா? வளைகாப்புக்கு மூன்று வாரம் இருந்தது.

உக்கடத்தில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் பாய் இருக்கிறார். எனக்குச் சனிக்கிழமைதான் லீவு. அன்று வண்டியை விட்டேன். பானெட்டைத் திறந்து, பெட்ரோல் போகும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, மூக்கை வைத்து மோந்தார். எல்லாம் காய்ந்து கிடந்தது. வாடையே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பெட்ரோல் மூடியின் ரப்பரை மட்டும் மாற்றினார். திங்கட்கிழமை வாடை வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை போனால், மறுபடியும் இல்லை.

"என்னங்க, உங்க வண்டிக்கு என்னையப் பாத்தா கூச்சமுங்களா?" என்றார் பாய்.

"வளர்ப்பு அப்படிங்க பாய்" என்றாள் கூட வந்திருந்த என் மனைவி.

பிறகு அவளேதான் கேட்டாள். "ஏனுங்க, நீங்க திங்கக்கிழமைதானுங்க பெட்ரோல் போடறீங்க? திங்க, செவ்வாயிலதான் நாறுது. புதனுக்கு மேல ஒண்ணுமில்லையே."

பாய் ஸ்பானரைக் கீழே வைத்தார். "எப்படிப் போடுவீங்க?"

நான் தரையைப் பார்த்தேன். மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். பங்க்கில் ஃபுல் டேங்க் என்று சொன்னால், நிறைந்ததும் குழாய் தானாக 'டக்' என்று நின்றுவிடும். அங்கே வேலை செய்யும் பெண் என்னைப் பார்த்து, "இன்னும் புடிக்குமுங்ணா, ஊத்தட்டுங்களா?" என்பாள். அவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவளிடம் எப்படி வேண்டாம் என்பது? "சரிங்க" என்பேன். இன்னொருவர் வந்து வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டுவார். பெட்ரோல் கீழே இறங்கும். மறுபடி ஊற்றுவார்கள். மறுபடி "இன்னும் புடிக்குமுங்ணா." மறுபடி "சரிங்க." வாய்வரை பெட்ரோல் தளும்பி நிற்கும்போதுதான் மூடுவார்கள்.

பாய் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடையே திரும்பிப் பார்த்தது. "ஆட்டி ஆட்டி ஊத்தறதுக்கு அதென்ன ஊறுகா ஜாடிங்களா? போங்க. போயி அதே மாதிரி ஊத்திட்டு வாங்க."

போய் ஊற்றிக்கொண்டு வந்தேன். பட்டறைக்குள் நுழைந்ததுமே வாடை குப்பென்று அடித்தது. பாய் முதலில் டீக்கடைப் பக்கம் திரும்பி, "அண்ணே, பீடிய அணைச்சுப்போடுங்க!" என்று கத்தினார். பிறகு பின்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் தடுப்பை எடுத்தார். பெட்ரோல் மூடியிலிருந்து இறங்கும் இரும்புக் குழாயை டேங்கோடு ஒரு தடித்த ரப்பர் குழாய் இணைத்திருந்தது. அதன் மேல்பக்கத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு. அதிலிருந்து பெட்ரோல் கசிந்து சொட்டாகத் திரண்டு நின்றது.

"டக்குனு நின்னதோட விட்டிருந்தா பெட்ரோல் இந்த எடத்துக்கே வராதுங்க. ரெண்டு நாள் ஓடி மட்டம் எறங்குனதும் கசிவு நின்னுபோகுது. சனிக்கிழமை எங்கிட்ட வரும்போது நல்ல புள்ளையா வருது."

கொஞ்சம் பெட்ரோலை வடித்துவிட்டு, புது ரப்பர் குழாய் போட்டு, இரண்டு பக்கமும் கிளாம்ப் வைத்து முடுக்கினார். வடித்ததைத் திரும்ப ஊற்றி, ஒரு மணி நேரம் காத்திருந்து, செய்தித்தாளைக் கிழித்து இணைப்பைச் சுற்றித் துடைத்துக் காட்டினார். ஈரமில்லை.

"ஆனா இனிமே கழுத்து வரைக்கும் ஊத்தக் கூடாதுங்க. மேல விட்டிருக்கற எடம் ஆவிக்குங்க. அங்க பெட்ரோல் நின்னா வேற கோளாறு வரும். போதும்னு சொல்லிருங்க."

குழாயை அவர் மாற்றிவிட்டார். சொல்வதை நான்தானே சொல்ல வேண்டும்?

வளைகாப்பு அன்று காலை பங்க்குக்குப் போகும் வழியெல்லாம் "போதுங்க, போதுங்க" என்று முணுமுணுத்தேன். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். குழாய் டக் என்றது. "இன்னும் புடிக்குமுங்ணா" என்றாள் அந்தப் பெண். வண்டியை ஆட்டுகிறவர் வந்து கையையும் வைத்துவிட்டார்.

"போதுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "போதுங்க. குழாய்க்கு ஆகாதாமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"அட, இதுக்கென்னங்ணா!" என்றாள் அவள். "நீங்க வாரத்துக்கு வாரம் சரிங்கன்னே சொன்னீங்களா, உங்களுக்கு அப்படித்தான் புடிக்கும்னு நெனச்சமுங்ணா. ஆட்டி ஆட்டி இவருக்குக் கையே வலியெடுத்துப்போச்சு."

மதியம் பவானியில் விருந்து முடிந்தது. சம்பந்தியம்மா வாசல்வரை வந்து, "வழியில வேணுமுங்க" என்று மூன்று பாலிதீன் கவர்களை மகள் கையில் மடித்துக் கொடுத்தார். மகள் கதவைத் திறந்து, ஏறாமல் தலையை மட்டும் உள்ளே நீட்டி மோந்து பார்த்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி உட்கார்ந்தாள். சித்தோடு தாண்டியது.

பெருந்துறை வந்தபோது, "அப்பா, நிறுத்துங்க!" என்றாள். சட்டென்று ஓரம் கட்டினேன்.

"அங்க வேகவெச்ச கடலை விக்குதுப்பா" என்றாள்.

வீடு வரும்வரை தின்றுகொண்டே வந்தாள். சம்பந்தியம்மா கொடுத்த கவரில் ஒன்று கடலைத்தோலால் நிரம்பியது. மற்ற இரண்டும் மடித்தபடியே இருந்தன.