மூன்றாவது பெஞ்சின் வசனம்

எங்கள் நாடகத்தில் கதாநாயகன் கிடையாது, கதாநாயகியும் கிடையாது. இதை முதல் நாள் ஒத்திகையிலேயே, நாடகப் பள்ளியில் எங்களை இயக்கும் மேடம் சொல்லிவிட்டார். "இங்க எல்லாரும் ஒண்ணு. பெரிய ரோல், சின்ன ரோல்னு யாராவது வாயத் திறந்தீங்க, அப்படியே வெளிய போயிடலாம்" என்றார். நாங்கள் ஏழு பேரும் உணர்ச்சிவசப்பட்டுத் தலையாட்டினோம். அடுத்த வாரம் சுவரொட்டி வந்தது. அதில் மேடத்தின் பெயர் நாடகத்தின் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. எங்கள் பெயர்கள் அடியில், அச்சகத்தின் தொலைபேசி எண்ணுக்குச் சற்று மேலே, எறும்பு வரிசையாக ஊர்ந்தன.

தன்னை மேடம் என்று அழைக்கக் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். அதை நம்பி அப்படியே கூப்பிட்ட ஒருத்திக்கு அந்தப் பருவத்தில் கிடைத்த மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு, மற்றவர்களுக்கு அவர் என்றென்றும் மேடம்தான்.

நாடகம் ஒரு காத்திருப்புக் கூடத்தில் நடக்கிறது. விசாரணைக் கவுண்டர் மூடியிருக்கிறது. ஏழு பெஞ்சுகளில் ஏழு பேர் யாருக்காகவோ காத்திருக்கிறார்கள். பாத்திரங்களுக்குப் பெயர் இல்லை, பெஞ்சு எண்தான். நான் மூன்றாவது பெஞ்சு. ஒரு மணி நேரம் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைசிக் கட்டத்தில் ஐந்தாவது பெஞ்சு என்னைப் பார்த்து, "நீங்க யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று கேட்கும். நான் பத்து மூச்சு அளவுக்குப் பேசாமல் இருக்க வேண்டும். பிறகு, "வந்தா சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். முழு நாடகத்திலும் என் வாயிலிருந்து வருவது அவ்வளவுதான்.

வசனம் சின்னது என்று நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் அது பொய். முதல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரிந்தேன். பிறகு, இருக்கிற ஒன்றை எவனும் மறக்க முடியாதபடி சொல்லிக் காட்டுவது என்று முடிவு செய்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் வீட்டில் இருந்தது.

என் அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டிடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டதுதான். எக்ஸ்ரே எடுக்கும் படிப்பில் என்னைச் சேர்த்தவர் அவர். அதைப் பாதியில் விட்டு நாடகப் பள்ளியில் சேர்ந்தவள் நான். அப்பா கத்தவில்லை, திட்டவில்லை. என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். பழுதான லிஃப்டின் முன்னால் ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போவார் இல்லையா, அதைப் போல. அன்றிலிருந்து எனக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் அம்மா வழியாகத்தான் வரும். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "மோட்டார ஆஃப் பண்ணச் சொல்லு அவள" என்பார். அம்மா என்னிடம் திரும்பி, "மோட்டார ஆஃப் பண்ணு" என்பாள். நான், "பண்ணியாச்சுன்னு சொல்லும்மா" என்பேன். அம்மா ஒரு மருத்துவமனையில் டோக்கன் கவுண்டரில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க அங்கே ஊராருக்கு வழி சொல்லிவிட்டு வந்து, வீட்டிலும் எங்கள் இருவருக்கும் நடுவில் அதே வேலை.

அப்பா வந்து நாடகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு என்னோடு நேராக ஒரு வார்த்தை பேச வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதைச் சாதிக்க என் கையில் இருந்ததோ ஒரே ஒரு வசனம்.

ஆகவே அந்த வசனத்தை நான் பாடாய்ப் படுத்தினேன். குளிக்கும்போது சொன்னேன், துணி காயப்போடும்போது சொன்னேன், ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னேன். 'வந்தா'வை அழுத்திப் பார்த்தேன், 'இங்கதான்' என்பதை அழுத்திப் பார்த்தேன். அம்மாவுக்குக் காது புளித்துவிட்டது. "நீ இங்கதான் இருக்கேன்னு தெரியுது, நகரு, பாத்திரம் கழுவணும்" என்பாள். அப்பா செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

ஒத்திகை நடந்த கூடம் முன்பு மேஜைப் பந்து ஆடும் இடமாக இருந்ததாம். தரையில் பெஞ்சுகளுக்கான இடங்களை வெள்ளை டேப் ஒட்டிக் குறித்திருந்தோம். தினமும் முதலில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றாக மூச்சு விட வேண்டும். பிறகு ஒருவர் பின்பக்கமாகச் சாய, மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும். "உங்கள்ல ஒருத்தர் விழுந்தா எல்லாரும் விழுந்த மாதிரி. யாராவது வசனத்த மறந்துட்டா பக்கத்து பெஞ்சு எடுத்துச் சொல்லிடணும். பாக்கறவங்களுக்குத் தெரியவே கூடாது" என்றார் மேடம். மதிப்பெண்ணும் ஏழு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான். தேறினால் எல்லோரும் தேறுவோம், இல்லாவிட்டால் கூண்டோடு போவோம்.

இந்தத் தாங்கிப் பிடிக்கும் விஷயத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டவன் நான்காவது பெஞ்சு. அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஆம்புலன்ஸ். நல்லவன். அதுதான் அவனிடம் இருந்த பிரச்சினையே. யாராவது எச்சில் விழுங்க ஒரு கணம் நிறுத்தினால் போதும், அவர் வசனத்தை இவன் சொல்லி முடித்திருப்பான். என் பத்து மூச்சு மௌனத்தில் மட்டும் அவன் கை வைக்கவில்லை. காரணம், ஒத்திகையில் மேடம் எதிரில் நின்று ஒரு விரலை உயர்த்திப் பிடித்திருப்பார். விரல் இறங்கும்வரை யாரும் அசைய மாட்டோம்.

முதல் காட்சிக்கு அம்மா வருவதாகச் சொன்னாள். அப்பாவைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அரங்கம் ஒரு கட்டிடத்தின் மேல்மாடியில் இருந்தது. திரை விலகியபோது மூன்றாவது வரிசையில் அம்மா இருந்தாள். பக்கத்தில் கம்பெனிச் சட்டையோடு அப்பா. மடியில் கருவிப் பை. அந்தக் கட்டிடத்தின் லிஃப்டில் ஏதோ சத்தம் வருவதாகவும், பார்க்க வந்த இடத்தில் சும்மா உட்கார்ந்ததாகவும் பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த லிஃப்ட் புத்தம் புதியது.

ஐந்தாவது பெஞ்சு என்னைக் கேட்டது. நான் பேசாமல் இருந்தேன். மேடம் இருட்டில் எங்கோ பின்வரிசையில் இருந்தார், விரலைக் காணோம். அப்பா செய்தித்தாள் இல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் கழித்து அந்த முகத்தை நேராகப் பார்த்ததில் நான் மூச்சை எண்ணவே மறந்தேன். பத்தைத் தாண்டிப் பதினைந்தும் ஆகியிருக்கும். வசனம் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதற்குள் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது.

"வந்தா சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றான், நெஞ்சில் கை வைத்து, கண் கலங்க.

"சொல்றேன்" என்றது ஐந்தாவது பெஞ்சு, கொஞ்சமும் தயங்காமல். நாடகம் என்னைத் தாண்டிப் போய்விட்டது. நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் கருவிப் பை தரையில் விழும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து நின்றிருந்தார்.

"யோவ், அது எங்க பொண்ணு வசனம்யா! அவ சொல்ல வேண்டியத நீ ஏன்யா சொல்ற?"

அரங்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு சிரித்தது. பிறகு கைதட்டத் தொடங்கியது, நிறுத்தவே இல்லை.

மறுநாள் செய்தித்தாளில் ஒரு விமர்சகர் எழுதியிருந்தார். நடிகர்களைப் பற்றி இரண்டு வரி. மீதி முழுக்கப் பார்வையாளர் நடுவிலிருந்து எழுந்த அந்த ஒற்றைக் குரலைப் பற்றி. சாமானியனின் சீற்றமாம், மேடைக்கும் மக்களுக்கும் இடையிலான சுவரை உடைத்த துணிச்சலாம். மேடம் அதை எங்களுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். "ஆரம்பத்துலேர்ந்தே எனக்கு இப்படி ஒரு யோசனை இருந்தது" என்றார். முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. அன்று மாலையே மேடம் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, மிச்சமுள்ள எல்லாக் காட்சிகளுக்கும் வந்து அதே இடத்தில் எழுந்து கத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நாடகத்தைக் கூத்தடிக்கிற பிழைப்பு என்று அம்மாவிடம் சொல்லியிருந்த என் அப்பா, பிகு எதுவும் பண்ணாமல் ஒப்புக்கொண்டார்.

அவர் கத்த வேண்டுமானால் தினமும் என் வசனம் திருடு போக வேண்டும். எனவே ஆம்புலன்ஸ் தினமும் அதைச் சொல்ல வேண்டும் என்று மேடம் உத்தரவிட்டார். "நீ ஒண்ணுமே பண்ண வேணாம், சும்மா உக்காந்திரு. அதுதான் உன் ரோலோட ஆழம்" என்றார் என்னிடம்.

ஒத்திகை இப்போது எங்கள் வீட்டில் நடந்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, "அது எங்க பொண்ணு வசனம்யா!" என்று கேட்கும். ஒரு நாள் 'எங்க'வை அழுத்துவார், ஒரு நாள் 'அது'வை. கத்துவதற்கு முன் வெந்நீர் குடித்தார். சாப்பிடும்போது அம்மாவிடம், "அந்த 'யோவ்' வேணுமா வேணாமான்னு கேளு அவள" என்றார்.

"யோவ் வேணுமா?" என்றாள் அம்மா.

"அவர் இஷ்டம்னு சொல்லும்மா" என்றேன். ஊரே கேட்க எங்க பொண்ணு என்கிறார், எதிரில் உட்கார்ந்திருக்கும் பொண்ணிடம் உப்பைக் கூட அம்மா வழியாகக் கேட்கிறார். கதாநாயகனே இல்லாத நாடகத்துக்குக் கதாநாயகனாகவும் ஆகிவிட்டார். பெற்ற அப்பா மேல் பொறாமைப்பட்ட முதல் நடிகை நானாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை இரவு உணவின்போது அம்மா, யாரிடம் என்று இல்லாமல், "சரி, எல்லாரும் பேசியாச்சு. அவ எப்போ பேசுவா?" என்றாள். இதை என்னிடம் சொல்லும்படி அப்பாவோ, அவரிடம் சொல்லும்படி நானோ கேட்டிருக்கவில்லை. அம்மாவே சொன்னது. அப்பா கையில் எடுத்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தார். பிறகு கை கழுவப் போனார்.

கடைசிக் காட்சி ஞாயிறு பிற்பகல். செய்தித்தாளின் புண்ணியத்தில் அரங்கம் நிரம்பியிருந்தது. பலரும் நாடகத்தை விட்டுவிட்டு மூன்றாவது வரிசையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது பெஞ்சு கேட்டது. நான் வழக்கம்போல ஆழமாக உட்கார்ந்திருந்தேன். ஆம்புலன்ஸ் நெஞ்சில் கையை வைத்து வாயைத் திறந்தான்.

"தம்பி, நீ கொஞ்சம் இரு" என்றார் அப்பா. எழுந்து நின்றிருந்தார். கத்தவில்லை. "அவ சொல்லுவா."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஆம்புலன்ஸின் வாய் திறந்தபடியே நின்றது. எனக்கோ வசனம் வரவில்லை. ஒரு வாரமாக அதை நான் சொல்லவே இல்லை. ஃபிரிட்ஜுக்கும் துணிக்கொடிக்கும் சொன்ன அத்தனை தினுசும் ஒன்றாகக் குழம்பி, ஒன்று கூட அகப்படவில்லை. நிஜமாகவே விழுந்துகொண்டிருந்தேன், தாங்குவதற்கு ஆறு பேர் பக்கத்திலேயே இருந்தார்கள், ஒருவரும் தாங்கவில்லை. மூச்சு மட்டும் விட்டார்கள். யாரும் விரல் காட்டாமலே ஆறு பேரும் என்னோடு சேர்ந்து ஒன்றாக மூச்சு விட்டார்கள். இத்தனை மாத ஒத்திகையில் அப்படி ஒரு நாளும் அமைந்ததில்லை.

நான் ஐந்தாவது பெஞ்சைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது வரிசையைப் பார்த்தேன்.

"வந்தா சொல்லுங்க" என்றேன். "நான் இங்கதான் இருக்கேன்."

யாரும் கைதட்டவில்லை. சீற்றத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. நாடகம் முடிந்ததும் கடமைக்கு இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்கள். மேடம் ஒப்பனை அறைக்கு வந்து, நடிகை கட்டுக்கோப்பை மீறிப் பார்வையாளரைப் பார்த்துவிட்டதால் குழுவுக்கே மதிப்பெண் குறையும் என்று அறிவித்தார். மற்ற பெஞ்சுகள் என்னை முறைத்தன. ஆம்புலன்ஸ் மட்டும், "தப்பு என்மேலதான் மேடம்" என்று இல்லாத தப்பையும் எடுத்துக்கொண்டான்.

கீழே போக நாங்கள் மூவரும் லிஃப்டில் ஏறினோம். கதவு மூடியது. அப்பா அது இறங்கும் சத்தத்தைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இங்க பாரு, அவகிட்ட சொல்லு..."

"கவுண்டர் மூடியாச்சு" என்றாள் அம்மா. "நேரா சொல்லுங்க."

லிஃப்ட் ஒரு மாடி இறங்கியது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"சத்தம் பத்தல" என்றார். "கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேசாமல் இருந்து இருந்து, முதல் வார்த்தையே குற்றமா?

"உங்களுக்குக் கேட்டுச்சா இல்லையாப்பா?"

அவர் கருவிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"கேட்டுச்சும்மா" என்றார்.