துருவியின் மூன்று மாத்திரைகள்

அந்தப் பஸ் டிக்கெட் பரிசோதகருக்குக் கண்டக்டர்கள் வைத்த பெயர் 'துருவி'. தூங்குகிற பயணியை அவர் நம்பமாட்டார், நடிப்பு என்பார். டிக்கெட்டைக் கொடுத்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வீட்டிலும் அதே குணம்தான்.

அப்படிப்பட்டவரிடம் போய் டாக்டரம்மா, "பிரஷருக்கு இனிமே அந்த ரெண்டு மாத்திரையும் வேண்டாம். இது ஒண்ணு போதும்" என்று சொன்னால்?

மருந்துக்கடைப் படி இறங்குவதற்குள் மனைவியிடம் ஆரம்பித்துவிட்டார். "ரெண்டு பேர் பார்த்த வேலையை ஒருத்தன் பார்ப்பானா? இதுல என்னமோ இருக்கு. உன் தம்பி மருந்துக் கம்பெனியிலதானே சுத்துறான்?"

"அவன் விக்கிறது இருமல் மருந்து. உங்க உடம்புல ஓடுறது ரத்தமில்ல, சந்தேகம்."

அவர் மனம் ஆறவில்லை. காலையில் மனைவி கண்ணெதிரே புது மாத்திரையை விழுங்குவார். டிப்போவுக்குப் போனதும், மீந்துகிடந்த பழையதில் வகைக்கொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்க அவர் தயாராயில்லை.

கொஞ்ச நாளில் தலை சுழல ஆரம்பித்தது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. 'நினைச்சேன், புதுசு வேலையைக் காட்டுது' என்று கறுவிக்கொண்டார். பழையதை மட்டும் விடவில்லை.

ஒருநாள் ஓடும் பஸ்ஸில், ஜன்னலோரம் தூங்கியவன்மேல் சந்தேகம். டிக்கெட் கேட்கக் குனிந்தவர் நிமிர்ந்தார். அவ்வளவுதான், அவன் மடியிலேயே சரிந்தார். அவன்தான் தாங்கிப் பிடித்து, டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

மனைவி அலறியடித்துக்கொண்டு வந்தபோது, துருவி படுத்தபடியே சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். "உங்க மாத்திரைதான் என்னைச் சாய்ச்சிடுச்சு. உண்மையைச் சொல்லுங்க, அதுல என்ன கலந்திருக்கு?"

டாக்டரம்மா அவர் கையில் சுற்றியிருந்த பட்டையைக் கழற்றினார். "பிரஷர் இவ்வளவு இறங்க நியாயமில்லையே. வேற என்ன சாப்பிடுறீங்க?"

"ஒண்ணுமில்ல."

அந்த 'ஒண்ணுமில்ல' மனைவிக்குப் பழக்கமானது. நாற்காலியில் கிடந்த சீருடைச் சட்டைப்பையைத் துழாவினாள். பழைய மாத்திரை அட்டைகள் இரண்டும் வந்தன. ஊரையே சோதனை போடுகிறவர், டிக்கெட் இல்லாமல் மாட்டியவரைப்போல் விழித்தார்.

"ஐயா, அந்த ரெண்டு மருந்தும் சேர்ந்ததுதான் இந்த ஒண்ணு. எல்லாத்தையும் ரெட்டிப்பா முழுங்கியிருக்கீங்க. நிறுத்தச் சொன்னேனே?"

"சொன்னீங்க. ஏன்னு சொல்லலையே."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்த மருந்து எதற்குள் இருக்கிறது என்று அட்டைகளை வைத்தே காட்டினார். கால் வீங்கினால் வந்து சொல்ல வேண்டும். உடம்பு தேவலை என்று தானாக நிறுத்தக்கூடாது. வலி மாத்திரை வாங்குமுன் கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் துருவி "ஏன்?" என்றார். டாக்டரம்மாவும் சளைக்கவில்லை.

பழையது நின்றது, தலைசுற்றலும் நின்றது. ஆனால் மருந்துக்கடைக்காரருக்குத்தான் விமோசனமில்லை. அட்டையிலுள்ள இரண்டு மருந்துப் பெயர்களையும் அவர் சத்தமாகப் படித்துக் காட்டினால்தான் துருவி காசுப்பையைத் திறப்பார்.