லூசா விடுங்க

அந்தத் தெருவில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. கதவு திறப்பதற்கு முன்பே வந்து படிக்கட்டில் காத்திருப்பவர்கள், அவள் தலை தெரிந்ததும் வேறு பக்கம் பார்ப்பார்கள். இத்தனைக்கும் அவள் குத்தினால் வலிக்கவே வலிக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். வலிக்காத ஊசிக்கும் பயப்படுகிறவர்களை என்ன செய்வது?

நாற்காலியில் வந்து உட்காருபவரிடம் அவள் கேட்பது ஒரே கேள்வி: "வெறும் வயித்துலதானே வந்தீங்க?" சொல்வதும் ஒரே பேச்சு: "கையை லூசா விடுங்க." பிறகு ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் இரண்டு விரல்களால் தட்டுவாள். நரம்பு மெல்ல எழும்பி வரும். வருடக்கணக்கில் தட்டித் தட்டி அந்தத் தட்டலுக்கு ஒரு நடை வந்துவிட்டது. அது அவளுக்கே தெரியாது. கண்டுபிடித்தவன் லிஃப்ட் மெக்கானிக்.

சர்க்கரை பார்க்க வந்தவன், ஊசியைப் பார்க்காமல் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நீங்க ட்ரம்ஸ் வாசிப்பீங்களா?"

"நானா? பாத்திரம் தேய்க்கிறப்ப சத்தம் வரும். அவ்வளவுதான்."

"இல்லக்கா, இப்ப என் கையில தட்டினீங்களே, அது சுத்தமான தாளம். எங்க குழுவுல ட்ரம்ஸ் வாசிச்ச பையன் வேலை கிடைச்சு வெளியூர் போயிட்டான். ஒரு தடவை வந்து பாருங்களேன்."

அவள் சிரித்தாள். ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினாள். ஆனால் அந்த வாரமே போய்விட்டாள். ஏன் போனாய் என்று கேட்ட தன் வீட்டுக்காரரிடம் சும்மாதான் என்று சொல்லிவைத்தாள். அதுவரை யாரும் அவளை எதற்கும் கூப்பிட்டதில்லை, இவர்கள் கூப்பிட்டார்கள், போனாள். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

குழு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். டயர் கடைக்கு மேலே ஒரு அறை. பாதி அறையில் பழைய டயர்கள், மீதியில் இவர்கள். லிஃப்ட் மெக்கானிக் கிடார் வாசிப்பான். தையல் கடைக் கட்டிங் மாஸ்டர் பாடுவார். அவர் எல்லோரைவிடவும் மூத்தவர், கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். பாடும்போது அதைக் கழற்றி மைக்கில் மாட்டிவிடுவார். ட்ரம்ஸுக்குப் பின்னால் ஊசியக்கா உட்கார்ந்தாள். முதல் நாளே மெதுவான பாட்டு ஒன்றைப் பிசகாமல் வாசித்துவிட்டாள். மெக்கானிக் மாஸ்டரைப் பார்த்து, எப்படி என்பது போலப் புருவத்தை உயர்த்தினான். அன்றைக்கு அவள் வீடு திரும்பியபோது கால் தரையில் பாவவில்லை.

வேகமான பாட்டு வந்தபோதுதான் வினை பிடித்தது. பாதிப் பாட்டு வரை ஓடும். அப்புறம் முன்னங்கை கல்லாகிவிடும். மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். 'டம்' என்று விழ வேண்டிய அடி 'டக்' என்று செத்து விழும். தாளம் பின்தங்க, மாஸ்டர் மூச்சுப் பிடித்துக்கொண்டு அவளுக்காகக் காத்து நிற்பார்.

மெக்கானிக் கையை உயர்த்தி நிறுத்துவான். முதல் தடவை நிறுத்திவிட்டு அவன் சொன்னது இதைத்தான்:

"அக்கா, கையை லூசா விடுங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவள் வசனம். அவள்தான் அதை ஊருக்கெல்லாம் சொல்பவள். இதுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

சரி என்று விட்டாள். வலது கைக் குச்சி பறந்து போய் டயர் அடுக்கில் விழுந்து, துள்ளி, ஒரு டயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"என்னக்கா இது!"

"விடுன்னு சொன்னே, விட்டேன்."

"குச்சியை விடக் கூடாதுக்கா. கையை விடணும்."

"குச்சி கையிலதானேப்பா இருக்கு?"

மெக்கானிக் டயருக்குள் கையை விட்டுக் குச்சியை எடுத்து வந்து கொடுத்தான். "புடிச்சுக்கணும். ஆனா புடிக்கக் கூடாது" என்றான் கடைசியில். அதற்கு மேல் அவனுக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மாஸ்டர் தன் பங்குக்கு வந்தார். "இங்க பாரும்மா, கத்திரிக்கோலை நான் அழுத்துறதே இல்ல. துணி மேல வச்சா அதுபாட்டுக்குப் போகும். கூடவே நான் போவேன். அவ்வளவுதான்." கேட்க அழகாக இருந்தது. அவள் குச்சியை ட்ரம் மேல் வைத்தாள். அது எங்கேயும் போகவில்லை.

அடுத்த முறை மெக்கானிக் தோளை இறக்கச் சொன்னான். இறக்கினாள், முழங்கை இறுகியது. முழங்கையைத் தளர்த்தினாள், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பல்லை விட்டாள், கால் கட்டைவிரல் செருப்புக்குள் மடங்கிக் கிடந்தது. ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் எழும்பும் காற்றுத் தலையணை போல, இறுக்கம் உடம்புக்குள் வீடு மாறிக்கொண்டே இருந்தது.

தளர்வு என்பது பார்க்க எப்படி இருக்கும் என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று அவள் வீட்டுக்காரரை ஆராய்ந்தாள். அவருக்கு அச்சகத்தில் இரவு வேலை. பகலில் கூடத்துப் பாயில் படுத்தால் பக்கத்தில் லாரி ஓடினாலும் தெரியாது. அவர் கையை மெல்லத் தூக்கினாள். தூக்கிய இடத்தில் விட்டாள். தொப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கினாள். மறுபடி தொப்.

மூன்றாவது தொப்புக்கு அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன பண்றே?"

"லூசான்னு பாக்குறேன்."

"யாரு, நானா?"

"உங்க கை."

"அடிப்பாவி. உன்னைக் கட்டிக்கிட்டப்பவே ஆபீஸ்ல எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க, நான் லூசுன்னு." அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "தூங்குறவன் கை எப்படியும் விழும். ட்ரம்ஸ் வாசிச்சிக்கிட்டே தூங்கப் போறியா?" என்றார். அதுவும் நியாயம்தான். அவளுக்கு இன்னும் குழம்பிப் போனது.

இதற்கிடையில் நிகழ்ச்சி ஒன்று வந்தது. தெருமுனை நூலகத்தில் புது மாடி கட்டியிருந்தார்கள். திறப்பு அன்று இவர்கள் மூன்று பாட்டுப் பாட வேண்டும், மூன்றாவது அந்த வேகமான பாட்டு. மெக்கானிக் ஒரு சின்ன ரிதம் பாக்ஸை வாங்கிவந்து தன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தான். பொத்தானை அழுத்தினால் அதுவே தாளம் போடும்.

"தப்பா நினைக்காதீங்கக்கா" என்றான் குச்சிகளைப் பார்த்தபடி. "அன்னைக்குக் கை பூட்டிக்கிட்டா, இதைத் தட்டி விட்டுடுவேன். அப்புறம்... மேற்கொண்டும் இதை வச்சே பாத்துக்கலாம். உங்களுக்கும் அலைச்சல் இல்ல."

அலைச்சல் இல்லாமல் அவள் என்ன செய்யப் போகிறாள்? அந்த அறையின் ரப்பர் வாசனை இப்போது அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது. ட்ரம்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது அவளைப் பார்த்து யாரும் முகத்தைத் திருப்புவதில்லை. பாக்ஸில் எரிந்த சிவப்பு விளக்கை முறைத்தபடி, "சரிப்பா" என்றாள்.

மறுநாள் காலை லாரி டிரைவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆள் மலை போல இருந்தார். கை அதைவிட இறுக்கமாக இருந்தது. தட்டினாள், நரம்பின் சுவடே இல்லை.

"லூசா விடுங்கண்ணே."

"விட்டுட்டேம்மா."

"விடலியே."

"இதுக்கு மேல எப்படி விடுறது? நீங்களே சொல்லிக் குடுங்க."

அவள் ஊசியைத் தட்டில் வைத்தாள். இத்தனை வருடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். அதற்கு எப்படி என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கேட்டவருக்கு வியர்த்திருந்தது, அவளுக்கும் வியர்த்தது.

"எனக்கும் தெரியலண்ணே" என்றாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரித்த கையில் நரம்பு தடித்து எழும்பி வந்தது.

ஆகா, இதுதான் வழி என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்து வந்த பெண்மணியிடமும் அதையே சொல்லிப் பார்த்தாள். ஊசி போடுபவளே தெரியாது என்கிறாளே என்று அந்தம்மா எழுந்து மேலாளரிடம் போய்விட்டார்.

ஒன்று மட்டும் நிச்சயம், சொல்வதால் கை தளர்வதில்லை. அன்று டயர் கடை மாடியில், "இனிமே யாரும் அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. சொன்னாத்தான் இறுகுது" என்றாள். இருவரும் ஒத்துக்கொண்டார்கள். வேகமான பாட்டு ஆரம்பித்தது. அவள் கை இறுகத் தொடங்கியதும் மெக்கானிக் கூரையைப் பார்த்தான். மாஸ்டர் டயரைப் பார்த்தார். அவர்கள் சொல்லாமல் இருந்தது, சொன்னதைவிடச் சத்தமாகக் கேட்டது. கடைசியில் மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை.

"அக்கா... அது."

"எது?"

"அதான்க்கா. அது."

மூவரும் சிரித்தார்கள். ஆனாலும் கை பூட்டித்தான் இருந்தது. நிகழ்ச்சிக்கு முன் அதுதான் கடைசி ஒத்திகை.

நூலக மாடியில் புதுப் பெயிண்ட் வாசனை. புத்தக அலமாரிகளை ஓரமாகத் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் வீட்டுக்காரர், தூக்கத்தைத் தியாகம் செய்த முகத்தோடு. முன் வரிசையில் கட்டிங் மாஸ்டரின் முதலாளி, கை கட்டிக்கொண்டு. முதல் இரண்டு பாட்டும் நல்லபடியாகப் போயின. மெக்கானிக் குனிந்து பாக்ஸின் விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான். அதை அவளும் பார்த்தாள்.

மூன்றாவது பாட்டு. கிடார் முன்னிசை வாசித்தது, அவள் தாளத்தைப் பிடித்தாள். முன்னங்கை இப்போதே கனக்கத் தொடங்கிவிட்டது. மாஸ்டர் பாட்டை எடுக்க வேண்டிய இடம் வந்தது, போனது. அவர் எடுக்கவில்லை. கிடார் மறுபடி சுற்றி வந்தது. அப்போதும் எடுக்கவில்லை. பின்னாலிருந்து பார்த்தபோது அவர் கழுத்தில் இரண்டு நரம்புகள் கயிறு போலப் புடைத்திருந்தன. முதலாளியைப் பார்த்து அவருக்கு வரி மறந்துவிட்டது. அவர் மைக்கைப் பிடித்தபடியே மெல்லத் திரும்பி ஊசியக்காவைப் பார்த்தார்.

அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் அந்த நாற்காலியில் வந்து உட்காரும் முகம்தான். அவள் யோசிக்கவே இல்லை. வாய் தானாகக் கேட்டது:

"வெறும் வயித்துலதானே வந்தீங்க?"

மாஸ்டர் விழித்தார். "இல்லம்மா" என்றார். "ரெண்டு பன்னு சாப்பிட்டேன்."

மைக் அதை மாடி முழுக்கச் சொன்னது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலாளி கட்டியிருந்த கையை அவிழ்த்துத் தொடையில் தட்டிச் சிரித்தார். மாஸ்டருக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக வரி வந்துவிட்டது. அடுத்த சுற்றில் சரியான இடத்தில் எடுத்தார். அவர் மறுபடி தடுமாறுகிறாரா என்று கழுத்தையே பார்த்துக்கொண்டு அவள் கூடவே போனாள். எங்கே போகிறோம் என்று பார்ப்பதற்குள் பாட்டு முடிந்திருந்தது.

கைதட்டல் அடங்கிய பிறகுதான் அவளுக்குக் கை ஞாபகம் வந்தது. குனிந்து பார்த்தாள். இரண்டு குச்சிகளும் இருந்தன.

வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் போனாள். "தம்பி, என் கை எப்படி இருந்துச்சு?"

"கையா?" அவன் யோசித்தான். "நான் பாக்கலியேக்கா."

"பாக்கலியா? அதைப் பாக்கத்தானே பெட்டியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தே?"

"மாஸ்டரைப் பாத்துச் சிரிச்சதுல மறந்துட்டேன். தாளம் பாட்டுக்கு ஓடிச்சு, அப்புறம் எதுக்குப் பாக்கணும்?" பாக்ஸின் விளக்கை அணைத்துப் பைக்குள் போட்டான். பிறகு அவள் ட்ரம் மேல் வைத்துவிட்டு வந்த குச்சிகளை எடுத்து அவளிடம் நீட்டினான். "இதை நீங்களே வச்சுக்கங்கக்கா. நம்ம ரூம்ல விட்டுட்டுப் போனா டயர் கடைக்காரர் கதவுக்கு முட்டுக் குடுத்துடுறாரு. மறக்காம அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்க."

அடுத்த வாரம் என்று அவன் சொன்னதை அவள் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

தெருவில் நடக்கும்போது வீட்டுக்காரரிடம் கேட்டாள். "அப்ப கை லூசா இருந்துச்சா, இல்லியா? நீங்களாவது பாத்தீங்களா?"

"நான் கடைசி வரிசை. எனக்கு உன் தலைதான் தெரிஞ்சுது."

"எப்படி வந்துச்சுன்னே தெரியலியே. அடுத்த தடவை மாஸ்டர் வரியை மறக்கலன்னா நான் என்ன பண்றது?"

"பன்னு வாங்கிக் குடு." அவர் கையை நீட்டினார். "பையைக் குடு, நான் தூக்குறேன்."

அவள் கொடுக்கவில்லை. அவர் குனிந்து அவள் கையைப் பார்த்தார். பையோடு சேர்த்துக் குச்சிகளைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"இதானா உன் லூசு? கொஞ்சம் விடு."

"இதை விட மாட்டேன்" என்றாள் அவள்.