ஆட்டின் கண்ணில் பருத்தி

ராஜபாளையத்தில் மில் வந்த புதிது. கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குக் கோவிலில் வைக்கிற குடிலுக்கு ஆடு மாடு செய்யும் பொறுப்பைச் சாமியார் அந்த வருஷம் என் அத்தையிடம் விட்டிருந்தார். அத்தை, அப்பாவின் தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்து வருஷங்கள் போயும் பிள்ளை இல்லை என்று மாமா வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகளான எங்களிடம், அவள் விருந்துக்கு வந்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கோடையில் வந்த விருந்தாளி மார்கழி பிறந்தும் போகவில்லை. எங்களுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

வெடிக்காமல் இருக்கக் கண்மாய்க் களிமண்ணில் சாணியைப் பிசைந்து, ஈர்க்குச்சியால் கால் வைத்து, அப்பா மில்லிலிருந்து கொண்டுவந்த கழிவுப் பஞ்சை ஒட்டினால் ஆடு. ஒட்டகத்தை அத்தையே செய்தாள்.

"இது என்னத்தே, கூன் விழுந்த கழுதையா?"

"போலே, நான் மட்டும் ஒட்டகத்தக் கண்டேனாக்கும்!"

என் ஆட்டுக்குக் கண்ணாக, மாட்டுக்கு வைத்திருந்த பருத்திக்கொட்டையில் இரண்டை எடுத்து அழுத்தினேன்.

குடிலைச் சுற்றிப் பச்சைக்காகத் தூவியிருந்த கேழ்வரகுக்குத் தண்ணீர் தெளிப்பது எங்கள் வேலை. பிள்ளைகள் கைக்கு அளவு ஏது? ஆடுகளும் குளித்தன. திருநாளுக்கு முதல் நாள் பார்த்தால், என் ஆட்டின் ஒரு கண்ணிலிருந்து இரண்டு இலை எட்டிப் பார்க்கிறது!

அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கு மானமே போயிற்று. "வெதைக்கப் போற கொட்டையத்தான் சாணியில பெரட்டுவாவ. இந்தப் பய ஆட்டுக் கண்ணுல வெள்ளாமை வச்சிருக்கான்!"

நான் பிடுங்கப் போனேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிடுங்காதல, இருக்கட்டும். மதினி, இதுலயே முளைச்சிருக்கு பாத்தீங்களா? அவிய நாளைக்கு என்னையக் கூப்பிட வந்துருவாவ."

அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் அத்தை கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்தே வாசலில் நின்றாள். மாமா வரத்தான் செய்தார். ஆனால் வண்டியை விட்டு இறங்கவில்லை. வண்டிக்காரர்தான் அத்தை சீராகக் கொண்டுபோன தகரப்பெட்டியையும் பித்தளைக் குடத்தையும் இறக்கி வாசலில் வைத்தார். வண்டி அப்படியே திரும்பிவிட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அத்தை பெட்டி வந்திருச்சு! அத்தை இனிமே போவமாட்டாவ!" என்று தெருவெல்லாம் கேட்கக் குதித்தேன்.

அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். எதற்கு அடித்தாள் என்று விளங்காமல், அழுதுகொண்டே அத்தையிடம்தான் போய் முறையிட்டேன்.