சாந்தாமணி கேட்ட கோழிச் சாறு

போன வியாழக்கிழமை சாயங்காலம் என் மனைவி சாந்தாமணி படுத்தபடியே என்னைக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க... கொஞ்சம் கோழிச் சாறு கெடச்சாத் தேவலைங்க.”

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? கல்யாணமாகி இருபத்தாறு வருடம். ‘இதைச் சமைத்துக் கொடுங்கள்’ என்று அவள் என்னிடம் கேட்டதே கிடையாது. என் லட்சணம் அவளுக்குத் தெரியும்!

ஆனால் நான்கு நாளாக வைரல் ஃபீவர். காலையில் வைத்த இட்லி மதியமும் அப்படியே இருக்கும். நாக்கு கசக்கிறது என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள். உண்மையைச் சொல்கிறேன் — எனக்கு உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. அவள் வாயைத் திறந்து ஒன்று கேட்டதே பாதி குணமானது போல் இருந்தது.

எலும்பு ஃப்ரீசரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோபிசெட்டிபாளையத்திலிருந்து அவள் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் பிள்ளைகளுக்கு போன்லெஸ் தவிர எதுவும் இறங்காது. நாட்டுக்கோழிக் கறியை வழித்தெடுத்து வறுத்துக் கொடுத்தவள், எலும்பை டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். (முகம் சுளிக்காதீர்கள். சமைப்பதற்கு முன்பே எடுத்த எலும்பு. தட்டில் மிஞ்சியது அல்ல.)

அவள் கட்டிலிலிருந்து சொல்லச் சொல்ல, நான் செய்தேன். எலும்பை நசுக்கினேன். சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள் தூள், தட்டிய மிளகு, சீரகம். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஒன்றரை மணி நேரம் சின்னத் தீயில் வைத்தேன். நடுவில் ஒருமுறைகூட டி.வி. பக்கம் போகவில்லை. வாசம் வந்தது பாருங்கள்... நாங்கள் குடியிருக்கும் கணபதி ஏரியா முழுக்க என் புகழ் பரவிவிடும் என்றே நினைத்தேன்.

கடைசியில் வடிகட்ட வேண்டும். ஆஹா, அது என் டிபார்ட்மென்ட்!

எனக்குச் சுகர் வந்ததிலிருந்து வீட்டில் குக்கர் சோறு கிடையாது, வடித்த சோறுதான். வடிப்பது நான். வடிதட்டை வைத்து, துணியால் இறுக்கிப் பிடித்து, சிங்க்கில் சாய்த்தால் ஒரு சொட்டுக் கஞ்சி மிஞ்சாது. ஏழு வருட சர்வீஸ்.

அன்றைக்கும் அதே நேர்த்தியோடு சாய்த்தேன்.

நிமிர்த்திப் பார்த்தால் — பாத்திரத்தில் எலும்பு மட்டும் இருக்கிறது. பொன்னிறமான சாறு மொத்தமும் குழாயோடு போய்விட்டது.

கை பழகிய வேலையைச் செய்யும்போது மூளை லீவு போட்டுவிடுகிறது. ஆனால் இந்த நேரத்திலா போட வேண்டும்? அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் சாக்கடைக்கு வார்த்துவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் திருட்டு புத்தி வந்தது. ரோட்டு முனையில் சூப் கடை இருக்கிறது. ஒரு பார்சல் வாங்கி, டம்ளரில் ஊற்றி, நான் வைத்ததாகவே கொடுத்துவிட்டால்? சத்தம் போடாமல் வண்டிச் சாவியை எடுத்தேன்.

“ஏனுங்க.”

நின்றேன்.

“கஞ்சி வடிக்கற சத்தம் கேட்டுச்சுங்க. இன்னைக்கு நாம சோறே வெக்கலீங்களே?”

சாவியும் கையுமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அந்த எலும்பை எறிஞ்சுபோடாதீங்க. மறுக்காத் தண்ணி ஊத்தி வெய்யுங்க. இன்னும் ரெண்டு டம்ளர் வரும்.”

வந்தது. கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது. மிளகு தூக்கலாகப் போட்டுச் சமாளித்தேன். ஊதி ஊதி ஒரு டம்ளரைக் குடித்து முடித்து, இன்னும் அரை டம்ளர் கேட்டாள். அந்த அரை டம்ளருக்கு நான் பட்ட சந்தோஷம் இருக்கிறதே...

ருசி எப்படி என்று கேட்காமல் இருக்க முடியுமா? கேட்டேன்.

“நல்லாத்தானுங்க இருக்குது. மொதல் சாறு எப்படி இருந்துச்சுன்னு சிங்க்கைத்தான் கேக்கோணும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான்கு நாள் கழித்து எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

இப்போது எழுந்து நடமாடுகிறாள். நான் சோறு வடிக்கப் போனால் முன்னாலேயே ஓடிவந்து சிங்க்கில் ஒரு பாத்திரத்தை வைத்துவிடுகிறாள் — வெறும் கஞ்சிதான் என்றாலும், என்னை நம்ப முடியாதாம்!