எலிமேல் பழி போடும் மயில்சாமி

காந்திபுரத்தில் ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் மயில்சாமி, தன் தொழிலில் இதுவரை ஒரு மனிதரைக்கூடக் குற்றவாளி ஆக்கியதில்லை. குழந்தை பிடுங்கிய வயரானாலும் சரி, வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரால் குத்திக் கிழித்ததானாலும் சரி, திறந்து பார்த்ததும் அவர் சொல்வது ஒன்றுதான்.

"எலிங்க. எலி கடிச்சுப்போட்டுதுங்க."

குற்றம் செய்தவர் நிம்மதியாக மூச்சுவிடுவார். கோவையில் இத்தனை குடும்பங்கள் ஒற்றுமையாக இருப்பதில் எலிகளுக்கு உள்ள பங்கை யாரும் ஆராய்ந்ததில்லை. அவர் மனைவி செவ்வந்திதான், "ஒரு நாளைக்கு அந்த எலியே வக்கீல் வெச்சு உங்க மேல கேஸ் போடப்போகுது பாருங்க" என்பாள்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு காலை நேரத்தில், சரவணம்பட்டியில் புதிதாக வாழ்க்கைப்பட்டிருந்த லோகப்பிரியா என்ற பெண்ணின் போன் வந்தது. குரலில் அழுகை.

"அண்ணா, சீக்கிரம் வாங்கண்ணா. எங்கப்பா சீராக் கொடுத்த ஹோம் தியேட்டருங்க. கெட்டுப்போச்சு. எங்க மாமியார் சாயங்காலம் வண்டி வெச்சு மேட்டுப்பாளையத்துக்கு, எங்கப்பா ஊட்டுக்கே திருப்பி அனுப்பறேங்கறாங்க."

சீர் திரும்பிப் போவது என்றால் என்னவென்று மயில்சாமிக்குத் தெரியும். பொருள் மட்டும் போகாது; பெற்றவர்களின் முகமும் தெருவில் விழும். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

சரவணம்பட்டியில் எட்டாவது மாடி. கூடத்தில் அட்டைப் பெட்டி வாயைத் திறந்து காத்திருந்தது. மாமியார் ராசாத்தாள் வழக்கை எடுத்துரைத்தாள்.

"கல்யாணமாகி ஆறு மாசம் ஆகலீங்க, அதுக்குள்ள தொண்டை கட்டிப்போச்சு. பேசுறவன் கெணத்துக்குள்ள இருந்து பேசறாப்ல கேக்குது. சம்பந்தி எந்தச் சந்தையில வாங்குனாரோ!"

லோகப்பிரியா சமையலறை வாசலில் தலைகுனிந்து நின்றாள். மாமனார் பாலுசாமி சோபாவில் அமர்ந்து, நீதிபதியைப் போல மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பை ஆளிடம் விட்டுவிட்டு, மகனோடு இருக்க வந்தவர். இங்கே அவருக்கு வேலையே இல்லை.

மயில்சாமி முன்பக்க ஸ்பீக்கர் ஒன்றைத் திருப்பினார். வயரைப் பிடிக்கும் டெர்மினல் கிளிப் உடைந்திருந்தது. பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"எலிங்க..."

"எட்டாவது மாடிக்கு எலி லிப்ட்ல வந்துச்சுங்களா?" என்றாள் ராசாத்தாள்.

"அப்ப ஈரமா இருக்குமுங்க. ஈரம் பட்டா..."

"பாத்தீங்களா! நாந்தான் சொன்னனே. இவதான் தெனமும் ஈரத்துணி போட்டுத் தொடைக்கிறா!"

லோகப்பிரியாவின் கண்ணில் நீர் திரண்டது. மயில்சாமி பதறிப்போய், "இல்லீங்க, இல்லீங்க. தயாரிப்புலயே ஏதாவது..." என்றார்.

"அப்பச் சம்பந்தி மட்டமானதைப் பாத்து வாங்கிப்போட்டாருன்னு ஆகுது."

யாரையும் நோகடிக்காத அவருடைய பொய்கள் ஒவ்வொன்றும் நேராகப் போய் அந்தப் பெண்ணின் தலையிலேயே இறங்கின. ஒரு பெண்ணின் பிறந்த வீட்டு மானம் இரண்டு அங்குலப் பிளாஸ்டிக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. மயில்சாமி பேச்சை நிறுத்திவிட்டு மற்ற ஸ்பீக்கரையும் திருப்பினார். அங்கே சிவப்பில் இருக்க வேண்டிய வயர் கறுப்பிலும், கறுப்பில் இருக்க வேண்டியது சிவப்பிலும் மாறி மாட்டியிருந்தது. ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ள, இன்னொன்று அதை இழுத்தால் கனமான சத்தம் எப்படி வரும்? அதைவிட, வயர் நுனியில் கச்சிதமான ஒரு முறுக்கு. அதன்மேல், தோட்டத்து மோட்டார் வயருக்குச் சுற்றும் கறுப்பு டேப் மூன்று சுற்று.

மயில்சாமி நிமிர்ந்து சோபாவைப் பார்த்தார். "ஐயா, நீங்கதான்" என்று சொல்ல அவர் நாக்குப் புரளவில்லை.

"என்ன முறுக்குங்க இது! இழுத்தாலும் வராது போலிருக்குதுங்க. எனக்கே இப்படி வராதுங்க."

பாலுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வருமா பின்னே! நாஞ் செஞ்சதாச்சே. ஒரு நாள் சத்தம் கம்மியா வந்துச்சு. தோப்புல மோட்டார் திருப்பிச் சுத்துனா என்ன பண்ணுவோம்? ரெண்டு வயரை மாத்திப் போட்டாத் தண்ணி குபுகுபுன்னு வந்துரும். அதே ரோசனைதானுங்க! அந்தக் கிளிப்புதான் மெலிசு, அமுத்துனதும் ஒடைஞ்சுபோச்சு."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. மீசையைத் தடவிய கை பாதியில் நின்றது.

ராசாத்தாள் கணவரைப் பார்த்தாள். பிறகு அட்டைப் பெட்டியைக் காலால் ஓரம் தள்ளினாள். மருமகளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "காப்பி குடிச்சியா, அம்மணி?" என்று கேட்டாள். அந்த வீட்டில் மன்னிப்பு அதற்குமேல் நீளாது.

மயில்சாமி புது டெர்மினல் வைத்துப் பற்றவைத்தார். வயர்களை நிறம் பார்த்து மாட்டினார். சத்தம் வயிற்றில் அதிர்ந்தது. பாலுசாமி உடனே மேட்டுப்பாளையத்துக்குப் போன் போட்டார்.

"சம்பந்தி! உங்க பொட்டி பிரமாதமுங்க! சின்னக் கோளாறு, நானும் ஒரு ஆளை வெச்சுட்டுச் சரி பண்ணிப்போட்டேன்... உங்கூட்டுலயும் சத்தம் சரியில்லீங்களா? ஒண்ணும் தொடாதீங்க. ஞாயித்துக்கிழமை நானே வாரேன்!"

பையைக் கட்டிய மயில்சாமியை லிப்ட் வரை வழியனுப்ப வந்தாள் லோகப்பிரியா.

"அம்மணி, உங்கப்பாகிட்டச் சொல்லி ஞாயித்துக்கிழமை ஊட்டைப் பூட்டிட்டு எங்கயாவது கோயிலுக்குப் போகச் சொல்லுங்க."

அன்று முதல்முறையாக அவள் சிரித்தாள்.